அம்மா, குயில், ஐம்பது பவுண்டு உப்பு

துணியைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்து நான் தைக்கிற ஒட்டுப்போர்வைக்கு இங்கே 'குயில்ட்' என்று பெயர். அம்மாவுக்கு அதைச் சொல்ல வராது. வராது என்பதைவிடச் சொல்ல மாட்டாள் என்பதுதான் சரி. ஸ்டெபிலைசர், கொலஸ்ட்ரால் எல்லாம் சுத்தமாகச் சொல்கிறவள்தான். ஆனால் இதை மட்டும் "உன் குயிலு எம்புட்டு தூரம் வந்திருக்கு?" என்றுதான் கேட்பாள். இரண்டு மூன்று தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் எல்லாருக்குமே அது குயில்தான். "குயிலை எடுத்துட்டு மேசையைக் காலி பண்ணு, சாப்பிடணும்" என்று என் கணவர் சொல்கிறார், சிரிக்காமல்.

தீபாவளி முடிந்து அம்மா மதுரையிலிருந்து இங்கே வந்தாள். டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேன்டன் என்கிற ஊரில் இருக்கிறோம். முன்பு இரண்டு தடவை வந்தபோதும் கோடையில் வந்து போய்விட்டதால், மிச்சிகன் குளிர்காலம் அவளுக்கு இதுதான் முதல். குளிரைப் பற்றித்தான் நான் பயந்தேன், ஆனால் அவளை அசைத்தது இருட்டு. ஜனவரி முதல் வாரத்தில் இங்கே சூரியன் உதிக்கவே எட்டு மணி ஆகிறது, ஐந்து மணி அடித்த கொஞ்ச நேரத்தில் மறைந்தும் விடுகிறது. அது வந்துபோவதும் மேகத்துக்குப் பின்னால்தான். ஐந்து மணிக்கே எழுந்து பழகின அம்மா மூன்று மணி நேரம் சமையலறை விளக்கடியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னுமாடி விடியலை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் தைக்கிற நேரமும் அதுதான். அப்படித்தான் அவள் குயிலுக்குள் வந்தாள்.

முதலில் வந்தது கண்டனம் சொல்லத்தான். "ஏன்டி, நல்லாருக்கிற துணியை வெட்டி வெட்டி மறுபடி தைக்கிறதுக்கா இம்புட்டு ஸ்கேலு, இம்புட்டு கத்தி, ஒரு மிசினு?" நியாயமான கேள்விதான், எனக்கு அதற்கு இன்னும் ஒழுங்கான பதில் இல்லை. எங்கள் வீட்டில் சேலைக்கு ஒரு வழி உண்டு. முதலில் விசேஷத்துக்குக் கட்டுவது, பிறகு வெளியே போகக் கட்டுவது, நைந்தால் வீட்டுக்கு. இன்னும் நைந்தால் பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தூளி கட்டப் போகும். திரும்பி வந்தால் நாலாக மடித்து ஓரம் தைத்துப் பாய்மேல் விரிப்பு, அதுவும் கிழிந்தால் கரித்துணி, மிச்சமிருப்பதைப் பின்னிக் கால்மிதி. ஒரு சேலை கால்மிதியாகிச் சாவதற்குப் பதினைந்து வருஷம் பிடிக்கும். அந்த வீட்டில் வளர்ந்த நான், கெஜம் பதிமூன்று பதினான்கு டாலர் என்று புத்தம்புதுத் துணி வாங்கி, இரண்டங்குலப் பட்டைகளாக நறுக்கி, திரும்ப ஒட்டித் தைத்துப் போர்வை என்கிறேன். வாங்கி வாங்கிச் சேர்த்தது மூன்று பிளாஸ்டிக் பெட்டி நிறைய இருக்கிறது. அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடியது திட்டினதைவிட மோசமாக இருந்தது.

ஆனால் இந்த வருஷத்துக் குயில் புதுத்துணி இல்லை. பெரியவள் ஹௌட்டனில் படிக்கப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஒன்பது மணி நேர கார்ப் பயணம், நடுவில் ஐந்து மைல் நீள மேக்கினா பாலத்தைத் தாண்ட வேண்டும். லேக் சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவீனா தீபகற்பத்தில் இருக்கிறது அந்த ஊர். ஏரிமேல் வருகிற குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்கேதான் பனியாகக் கொட்டும். 1978-79 குளிர்காலத்தில் அந்தத் தீபகற்பத்தில் 390 அங்குலம் பனி பெய்ததாகக் கணக்கு, 32 அடிக்கும் மேல். அதைக் காட்டவே சாலையோரம் ஒரு உயரமான கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்கக் கூடாது. "பொட்டப்புள்ளைய அங்கயா கொண்டுபோய் விட்டீங்க?" என்று மாப்பிள்ளையையே கேட்டுவிட்டாள். அவர், "அத்தை, அவளாத்தான் கேட்டுப் போனா" என்று சொல்லிவிட்டு, பனி தள்ளுகிற சாக்கில் வெளியே நழுவினார்.

சரி, பேத்திக்குப் போர்வை என்றதும் அம்மா தன் பெட்டியைத் திறந்தாள். ஊரிலிருந்து கிளம்புமுன்பே போனில் நான் கேட்டிருந்தேன், பழைய பருத்திச் சேலை இருந்தால் கொண்டுவா என்று. நாலு சேலை. அதில் ஒன்று மதுரைச் சுங்குடி, நல்ல ரத்தச் சிவப்பு, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய வெள்ளைப் புள்ளிகள் இன்னும் மங்காமல். அதற்கடியில் அப்பாவின் வேட்டிகள் இரண்டு. அவற்றை நான் கேட்கவில்லை. அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. "சும்மா பீரோவுல கெடக்கு" என்றாள், அவ்வளவுதான்.

வேட்டியைப் பார்த்ததும் எனக்கு மாதிரி முடிவாகிவிட்டது. லாக் கேபின் என்று ஒன்று உண்டு, குயில்ட் போடுகிறவர்கள் எல்லாருமே ஒருமுறையாவது போட்டுப் பார்ப்பது. நடுவில் ஒரு சிவப்புச் சதுரம் வைத்து, அதைச் சுற்றிக் கட்டை அடுக்கி வீடு கட்டுகிற மாதிரி பட்டைகளைத் தைத்துக்கொண்டே போக வேண்டும், இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். நடுச்சிவப்பு அடுப்பு நெருப்பு என்பார்கள். சுங்குடி அடுப்பு, வேட்டி வெளிச்சம், மற்ற மூன்று சேலையும் இருட்டுப்பக்கம். ஒரு கட்டத்துக்கு 13 துண்டு, 35 கட்டம், ஆக 455 துண்டுகள். கணக்குப் போடும்போது சுலபமாகத்தான் இருந்தது.

வெட்ட ஆரம்பித்ததும் சேலை கையில் நிற்கவில்லை. இருபது வருஷம் துவைத்த பருத்தி, மல்லிகைப்பூ மாதிரி மெத்தென்று இருக்கிறது. ஸ்கேலை வைத்து உருளைக் கத்தியை ஓட்டினால் துணி கத்தியோடு சேர்ந்து நகர்ந்து, நேர்ப்பட்டை வளைந்து வருகிறது. குயில்ட்டில் தையல் கால் அங்குலம் உள்ளே வர வேண்டும், அதில் நூல் கனம் தப்பினாலும் பன்னிரண்டு அங்குலக் கட்டம் பதினொன்றேமுக்கால் ஆகிவிடும், பிறகு பக்கத்துக் கட்டத்தோடு மூலை சேராது. முதல் மூன்று கட்டத்தையும் பிரித்தேன். இதற்காகவே ஸ்ப்ரே டப்பாவில் ஸ்டார்ச் விற்கிறார்கள், அடித்துப் பார்த்தேன், ஒரு சேலைக்கே டப்பா காலி.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "கஞ்சி போடுறதுதானே?" என்றாள்.

எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை வருஷம் அப்பா வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் கொடிக்கயிற்றில் விரித்தவள் நான்! மறுநாளே குக்கரை ஓரம் கட்டிவிட்டுப் பானையில் சோறு வடித்தாள் அம்மா. கொழுகொழுவென்ற கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு இளக்கி, வாளியில் கரைத்து, வேட்டியை முக்கிப் பிழிந்து உதறினாள். உதறின சத்தத்தில் சின்னவன் மாடியிலிருந்து ஓடி வந்தான். வெளியே கொடியில் போட்டால் அப்பளமாக உறைந்துவிடும், அதனால் பேஸ்மெண்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் கயிறு கட்டினோம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று அவ்வளவு வறட்சி, கதவுக்குமிழைத் தொட்டால் ஷாக் அடிக்கிற வறட்சி, மூன்று மணி நேரத்தில் எல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. லேசாகத் தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, பிறகு இஸ்திரி போட்டால் வேட்டி அட்டை மாதிரி நின்றது. கத்தி வழுக்கிக்கொண்டு போனது. பேஸ்மெண்ட் முழுக்க வெந்த சோற்று வாசனை, கொஞ்சம் புளித்த மாதிரி. நாலு நாளில் 455 துண்டும் வெட்டி முடிந்தது, ஒரு மில்லிமீட்டர் தப்பவில்லை. டப்பா ஸ்டார்ச்சை இனிமேல் நான் வாங்குவதாக இல்லை.

நடுவில் வேறு வேலைகள் இல்லாமலா. இங்கே குளிர்காலத்தில் ஒரு வேலைக்காக வெளியே போகிறவர்கள் கிடையாது, சட்டை கோட்டு பூட்ஸ் என்று பத்து நிமிஷம் மாட்டிக்கொண்டு இறங்குவதால் ஐந்து வேலையைச் சேர்த்துக்கொண்டுதான் கிளம்புவோம். அம்மாவின் பிரஷர் மாத்திரை, நூலகப் புத்தகம், இந்தியக் கடையில் முருங்கைக்காய் (உறையவைத்தது, சவசவ), சின்னவனின் தொலைந்துபோன இடக்கைக் கையுறைக்கு மூன்றாவது ஜோடி. அப்புறம் உள்ளே வைக்கிற பஞ்சு விரிப்பு. அதற்கு இங்கே பெயர் பேட்டிங். "பேட்டிங் வாங்கப் போறேன்" என்றால் அம்மா ஒரு மாதிரி பார்க்கிறாள். முன்பெல்லாம் பக்கத்திலேயே ஜோஆன் துணிக்கடை இருந்தது. 1943-இல் ஒஹையோவில் ஆரம்பித்து, நாடு முழுக்க 800 கடை அளவுக்கு வளர்ந்தது, திவாலாகி 2025 மே மாதத்தோடு எல்லாக் கடைகளையும் மூடிவிட்டார்கள். மூடுகிற வாரங்களில் நானும் போய்த் தள்ளுபடியில் அள்ளிக்கொண்டு வந்தேன், அதுதான் அந்த மூன்றாவது பெட்டி. இப்போது ஒரு பஞ்சு விரிப்பு வாங்க நாற்பது நிமிஷம் ஓட்டிக்கொண்டு, குயில்ட்டுக்கென்றே ஒரு பாட்டியம்மா நடத்துகிற சின்னக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. போனால் சும்மா வர முடிகிறதா? விரிப்போடு ஒரு மூன்று கெஜமும் வந்தது, கருநீலத்தில் வெள்ளை நட்சத்திரம். நல்ல சமயம் வரட்டும் என்று பெட்டியின் அடியில் வைத்தேன்.

கடைசி வேலை உப்பு. ஐம்பது பவுண்டு மூட்டை, வாசலில் தூவ. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. எப்போதோ வற்றிய கடலின் உப்பு. நூறு வருஷத்துக்கு மேலாக வெட்டுகிறார்கள், சாலையில் தூவுவதற்கென்று இப்போதும் அங்கிருந்து வருகிறது. அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. "தூத்துக்குடியில பாத்தி கட்டி வெயில்ல காயப் போடுவாங்க, இங்க குழி தோண்டியா எடுக்குறாய்ங்க?" அதோடு இந்த உப்புக்கும் ஒரு எல்லை உண்டு, மைனஸ் ஒன்பது பத்து டிகிரிக்குக் கீழே போனால் பெரிதாக வேலை செய்யாது, அப்போது மணலைத்தான் தூவ வேண்டும். நாம் உப்பைப் போட்டுவிட்டு உருகும் உருகும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். உருகாமல் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், வாசலில் வெள்ளை வெள்ளையாகக் கறை. அம்மாவுக்கு இந்தக் கறையைக் கண்டாலே ஆகாது.

தைக்கிற வேலை கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மேல்பாகம் முடிந்தது. பெரியவள் வந்தாள், மூன்று வாரம் தூங்கினாள், "அம்மாச்சி, இது எந்தச் சேலை, இது எந்தச் சேலை?" என்று கேட்டுக்கொண்டு மேல்பாகத்தைத் தரையில் விரித்து அதன்மேலேயே படுத்தாள், பிறகு போய்விட்டாள், போர்வை இல்லாமல். மேல்பாகம், நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு வெளியே கொடுக்கலாம், பெரிய மெஷின் வைத்துத் தைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு இரண்டு சென்ட் கேட்டார்கள். என் போர்வை 66-க்கு 90, கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 120 டாலர். அம்மா அதை ரூபாயாக மாற்றச் சொன்னாள். மாற்றிச் சொன்னதும் ஊசியை எடுத்துவிட்டாள்.

அவள் படித்த பெண்கள் பள்ளியில் தையல் வகுப்பு உண்டு. வெள்ளைத் துணியில் ஓட்டுத்தையல், பின்தையல், எம்மிங், காஜா எல்லாம் போட்டு நோட்டில் ஒட்டி மார்க் வாங்குவார்கள். அம்மாவுக்கு அந்த நோட்டு இப்போதும் பீரோவில் இருக்கிறது. அறுபது வருஷம் கழித்து ஓட்டுத்தையல் விரலுக்குத் திரும்ப அரைமணி நேரம்தான் ஆனது. கண்தான் ஒத்துழைக்கவில்லை, ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. அதற்குச் சின்னவன். தினமும் காலையில் பஸ் வருமுன்னே, அந்த இருட்டிலேயே, பத்து ஊசியில் நூல் கோர்த்து ஸ்பாஞ்சில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவான். பத்தும் தீர்ந்தால் அம்மாவின் அன்றைய கணக்கு முடிந்தது. பனிக்காகப் பள்ளிக்கு லீவு விட வேண்டும் என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் இரவில் பைஜாமாவை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் கரண்டி வைத்துப் படுப்பார்கள். அவனும் வைத்தான். லீவு விட்ட அன்று பதினைந்து ஊசி.

அம்மா தைக்கும்போது பார்க்கட்டும் என்று சில படங்கள் காட்டினேன். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள், வயலுக்குப் போட்டுத் தேய்ந்த பேன்ட், சட்டை, மாவுச்சாக்கு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைத்த குயில்ட்டுகள். 2002-இல் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியம் மாதிரி சுவரில் மாட்டினார்கள், 2006-இல் தபால்தலையாகவும் வந்தது. முழங்கால் தேய்ந்த இடம் வெளுப்பாகவும், பாக்கெட் பிரித்த இடம் அடர்நீலமாகவும் தெரியும். அம்மா ஒரு படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இது தைச்சவளுக்கு அன்னைக்குக் குளிர் இருந்திருக்கு, அதான் ஓரத்தைப் பத்தி அவ கவலப்படலை" என்றாள். குயில்ட் பற்றி நான் படித்த எதிலும் யாரும் இப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை.

ஜனவரி கடைசியில் முடித்துவிட்டோம். கஞ்சியை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும், அதனால் ஒருமுறை துவைக்கணும். சாயத்தைப் பற்றி எனக்கு யோசனை வராமல் இல்லை. இருபது வருஷப் பழைய சேலை, போக வேண்டிய சாயம் என்றைக்கோ போயிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு மெஷினில் போட்டேன். வெந்நீர் வேறு.

எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு அடுப்பைச் சுற்றியும் வேட்டிப்பட்டை ரோஸ் நிறம். முப்பத்தைந்து கட்டத்திலும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1960-களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைத்துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்தே விற்றது. நம் ஊரில் சாயம் போனால் கடை வாசலில் சண்டை. இங்கே அதற்காகவே கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு இது எந்த ஆறுதலும் தரவில்லை. வாஷிங் மெஷின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாத வேலை, அதுகூடப் போகட்டும், அது அப்பாவின் வேட்டி.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "உப்புத் தண்ணியில ஊறப் போட்டியா?" போடவில்லை. வாசல் கறையைப் பார்த்து எத்தனை நாள் அந்த உப்பைத் திட்டியவள், இப்போது கராஜில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். அது வேண்டாம் என்று தடுத்தேன். உப்பு சாயம் ஏற்றும்போது நூலுக்குள் சாயத்தைத் தள்ள உதவுமே தவிர, ஏறிய பிறகு கழன்று வருவதைப் பிடித்து நிறுத்தாது. ஒட்டின சாயத்தை எடுக்க வழி வேறு. குளியல்தொட்டி நிறைய நல்ல வெந்நீர், தாராளமாகப் பாத்திரம் கழுவும் திரவம், போர்வை முழுசாக முங்கி இருக்க வேண்டும், பன்னிரண்டு மணி நேரம். கழன்ற சாயம் திரும்பத் துணியில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நிற்க, தண்ணீர் நிறைய வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். ராத்திரி போட்டோம். காலையில் தண்ணீர் பீட்ரூட் சாறு. மறுபடி ஒருமுறை. மூன்றாம் தடவை வெளுத்த ரோஸ். வேட்டி பெரும்பாலும் வெள்ளைக்குத் திரும்பிவிட்டது. ஓரமாக ஐந்தாறு கட்டத்தில் மட்டும் லேசாக, உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி.

அந்தக் கட்டங்களில் ஒன்றை விரலால் தடவிக்கொண்டு அம்மா சிரித்தாள். "இதே சேலைதான்டி. வாங்கின புதுசுல உங்கப்பா வேட்டியோட சேத்து ஊறப்போட்டுட்டேன். ரோஸ் வேட்டி. நான் அழுகுறேன், அந்த மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா, அதையே கட்டிக்கிட்டு பேங்குக்குப் போயிட்டாரு. மேனேஜர் கேட்டாராம், என்ன சார் கட்சி மாறிட்டீங்களான்னு." எனக்கு இந்தக் கதை தெரியாது. ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்களைப் பற்றி நமக்கு எவ்வளவுதான் தெரிந்திருக்கும். மிச்சக் கறையை எடுக்க நாலாவது தடவை ஊறவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள், தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டேன்.

தபாலாபீசில் பெட்டி கனமாக இருக்கிறதென்று கூடக் கேட்டார்கள். உள்ளே முறுக்கு டின், போர்வையைச் சுற்றித்தான் வைத்திருந்தாள் அம்மா. உடையாமல் இருக்க முறுக்குக்குக் குயில் பாதுகாப்பா, குயிலுக்கு முறுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் கழித்துப் பெரியவளிடமிருந்து ஒரு படம் வந்தது. விடுதி அறைக்கட்டிலில் போர்வை, ஜன்னலுக்கு வெளியே பாதி உயரத்துக்குப் பனிச்சுவர், போர்வைமேல் முறுக்குத் துகள். "அம்மாச்சி, இதுல சோறு வாசனை வருது" என்று எழுதியிருந்தாள். அத்தனை தடவை ஊறவைத்தும் கஞ்சி போகவில்லை போல.

அம்மா அடுத்த வேலையை ஆரம்பித்துவிட்டாள். உப்புக் கறை வீட்டுக்குள் வராமல் இருக்க, கராஜ் கதவுக்கு ஒரு கால்மிதி. வெட்டி மிஞ்சிய சேலைப்பட்டைகளை மூன்று மூன்றாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்துக்கொண்டு வந்தாள். நேற்று வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றப் போனால், கால்மிதி முடிந்து வாசலில் கிடக்கிறது, நல்ல தடிமனாக, அழகாக. கடைசி இரண்டு சுற்று மட்டும் கருநீலம், வெள்ளை நட்சத்திரம்.

"சேலை பத்தலைடி," என்றாள், "அந்தப் பெட்டியில சும்மாதானே கெடந்துச்சு."